ஏழாவது இடத்தில் தண்ணீர்

நகராட்சிக் கூட்டங்களில் தண்ணீர் கொடுப்பது சடையம்மாவின் வேலை. அவள் குடியிருந்த காளவாய்த் தெருவிலோ ஒரு குழாய்கூடக் கிடையாது. அன்றும் விடியுமுன் எட்டுக் குடம் சுமந்துவிட்டு, தோள்வலியோடு வந்து நின்றாள்.

ஆணையர் மக்கள் தேவைப் பட்டியலை வாசித்தார். முதலில் பூங்காவுக்குச் செயற்கை நீரூற்று. ஏழாவதாகக் காளவாய்த் தெருவுக்குக் குடிநீர்.

"தண்ணிதான் முதல் அவசரம்னு யாராவது நிரூபிங்க, மாத்திடறேன்!" என்று சிரித்தார்.

மேலும் ஒரு மணி நேரம் பேசியதில் அவருக்குத் தொண்டை அடைத்தது. "ஏம்மா, தண்ணி!"

சடையம்மா நகரவில்லை. "தரேங்கய்யா. அது ஏழாவதுதானே? முன்னால இருக்கற ஆறும் முடியட்டும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆணையர் இருமிக்கொண்டே குடிநீரை முதலிடத்துக்கு மாற்றி எழுதினார்.

குழாய் வந்த அன்று, குடத்தை அடியில் வைத்த சடையம்மா அது நிறையுமுன்பே உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள். யாரும் எழுப்பவில்லை.