முதலாளி அறையில் ஒரு சர்வர்

கோயம்புத்தூர் சாஃப்ட்வேர் கம்பெனி முதலாளி தணிகாசலத்துக்கு கிளவுட் என்றாலே ஆகாது. சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

"நாம எழுதின கோடெல்லாம் எவனோட சர்வர்லயோ கிடக்குது. நாளைக்கே என் ரூமுக்கு, என் கண்ணு முன்னாடி வந்தாகணும். ஆனா ஒரு நிமிஷம்கூட வேலை நிக்கக் கூடாது. நின்னா, நீ வீட்டுக்குப் போயிடு."

"சரிங்க சார்."

மறுநாள் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று ஹோவென்று இரைந்தது. அது சூடாகாமலிருக்க ஏசியும் உச்சத்தில் ஓடியது. வந்தவர்களிடமெல்லாம் பெட்டியைத் தட்டிக்காட்டி, "மொத்தக் கம்பெனியும் இதுக்குள்ளதான்!" என்று கத்தினார் தணிகாசலம். போனில் பேசியவர்களோ, "ஏர்போர்ட்லயா இருக்கீங்க?" என்று கேட்டார்கள்.

வாரக் கடைசியில், கொளுத்தும் சித்திரை வெயிலில், மங்கி குல்லாவோடு வெளியே வந்தார்.

"அம்மா ஜெசிந்தா, எல்லாத்தையும் பழையபடி கிளவுடுக்கே அனுப்பிடு. எத்தனை நாளாகும்?"

ஜெசிந்தா உள்ளே போய்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"ஆயிடுச்சுங்க சார்."

"ஐயோ! வேலை நின்னுடுமே!"

"கோடு கிளவுடை விட்டு இறங்கவே இல்லைங்க சார். இதுல ஃபேன் மட்டும்தான் ஓடிச்சு. உங்க கண்ணு முன்னாடியே இருந்துச்சே, தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."