லிமிட்டருக்குப் பன்னிரண்டு கோரிக்கைகள்

“உங்க லிமிட்டருக்கு வயசாயிடுச்சும்மா,” என்றார் செல்லத்துரை. “புது வசதி கொஞ்சம் சேர்க்கணும்.”

பர்வீன் தலையசைத்தாள்.

பாட்டின் சத்தம் எல்லை தாண்டாமல் அமுக்கிப் பிடித்து, மொத்தத்தையும் உரக்கக் கேட்கவைக்கும் மென்பொருள்தான் லிமிட்டர். அதை எழுதியவள் பர்வீன். வயது முப்பத்தைந்து. யார் எத்தனை பக்கம் எழுதிக் கேட்டாலும் ஒரே வரியில் பதில் போடுவாள் என்பதால், ஒலிப்பதிவுக்காரர்கள் அவளைக் குரு என்றே சொல்வார்கள். குருவென்றால் மலைமேல் இருக்க வேண்டுமே. அவளும் ஏற்காட்டில்தான் இருந்தாள்.

செல்லத்துரைக்கு ஐம்பத்தெட்டு. பாட்டு வெளியே போகுமுன் கடைசியாகக் கைவைத்து மெருகேற்றும் மாஸ்டரிங் வேலை அவருடையது. சென்னையிலிருந்து ரயில், சேலத்திலிருந்து பஸ், இருபது கொண்டை ஊசி வளைவு. வயிறு இன்னும் சரியாகவில்லை.

“நான் முடிச்சுக் கொடுத்த பாட்டை ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க ஒரு பாடகி. குரல் மூச்சுத் திணறுதாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா வேற ஆள்கிட்ட போயிடுவாங்க.”

பட்டியலை நீட்டினார். பன்னிரண்டு கோரிக்கைகள். திரை பெரிதாக வேண்டும். கறுப்பு நிறத்தில் வேண்டும். சத்த அளவு காட்டும் மீட்டர் வேண்டும். பதினொன்றாவதன் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தது.

“ஏற்கெனவே அமுங்கிப்போன ஒலியை மீட்டெடுக்கும் வசதி,” என்று படித்தாள் பர்வீன். “யார் அமுக்கினது?”

“குரலையும் வாத்தியத்தையும் கலந்து மிக்ஸிங் பண்ண தணிகாசலம். பாடகி கேக்கும்போது சத்தமா இருக்கட்டும்னு உங்க லிமிட்டரைப் போட்டே அனுப்பியிருக்கான். எல்லாரும் செய்றதுதான்.”

“அதுக்கு மேல நீங்களும் அதையே போட்டீங்க.”

“வேற என்ன பண்றது?”

“லிமிட்டர் போடாத பாட்டு அவர்கிட்ட இருக்குமே. கேட்டீங்களா?”

செல்லத்துரை ஜன்னல் வழியே மிளகுக் கொடியைப் பார்த்தார்.

“நாங்க பேசி ரெண்டு வருஷமாச்சு. வேலையெல்லாம் மெயில்லதான். ஒரு ஆல்பத்துல என் பேரை அவன் பேருக்குக் கீழே போட்டுட்டான்.”

பர்வீன் சிரிக்கவில்லை.

“இந்த வசதியை இப்பவே தரேன் சார்,” என்று தன் கைபேசியை அவர் முன்னால் வைத்தாள். “நம்பர் தெரியுமா?”

தெரியும். மனப்பாடமாகவே தெரியும். அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மணி மூன்று முறை அடித்தது.

“தணி, நான்தான்,” என்றார். “அந்தப் பாட்டு... லிமிட்டர் போடாதது இருக்கா?”

“ரெண்டையும் ஒரே மெயில்லதானேடா அனுப்பினேன்.” என்றார் தணிகாசலம். “நான் எழுதியிருந்ததை நீ படிக்கவே இல்லியா?”

படிக்கவில்லை. முதல் லிங்க்கை அழுத்திவிட்டு மூடியவர்தான்.

தன் போனில் மெயிலைத் திறந்தார். இரண்டாவது லிங்க் கீழே இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘இதுதான் உனக்கு. மேலே இருக்கிறது பாடகிக்குப் போட்டுக் காட்டினது.’

பர்வீன் அந்த லிங்க்கில் இருந்த பாட்டை ஓட்டினாள். அடுத்த வரிக்கு முன்னால் பாடகி மூச்சை இழுப்பது கேட்டது. செல்லத்துரைக்குக் கண் கலங்கியது. சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. தணிகாசலம் இன்னும் இணைப்பில் இருந்த கைபேசியைக் கீழே வைக்க மனமில்லாமல் காதிலேயே பிடித்திருந்தார்.

“பன்னிரண்டையும் செஞ்சு அனுப்பட்டுமா சார்?” என்று கேட்டாள் பர்வீன்.

“மத்ததெல்லாம் மெதுவா செய்யுங்கம்மா. அந்தப் பதினொண்ணு மட்டும் வேணாம்,” என்றார். “யாருக்குமே வேணாம். போன் போட்டுக் கேட்டுக்கட்டும்.”