சன்னலுக்கு உள்ளே மூன்று பேர்

விருதுநகரில் எங்கள் தெருவில் முட்டாள்கள் மூன்று பேர் உண்டு. அதில் இரண்டு பேரை ஊருக்கே தெரியும். மூன்றாவது ஆள் நான்தான் என்று எனக்குத் தெரியவர ஐம்பத்து நான்கு வருஷம் ஆயிற்று.

நான் எதையும் முடிக்காதவன். வாசல் கேட்டுக்கு இடுப்புயரம் வரை பெயின்ட் அடித்திருக்கிறேன். ஆர்மோனியத்தில் எல்லாப் பாட்டையும் பாதி வாசிப்பேன். ஏன் இப்படி இருக்கிறோம் என்று அடிக்கடி உட்கார்ந்து யோசிப்பதுண்டு. அதுவும் பாதியில் நின்றுவிடும்.

இப்படிப்பட்டவனை நம்பி என் மகள் மதிவதனி ஒரு காரியம் செய்தாள். சம்பந்தி வீட்டார் எல்லோரும் இருக்கும்போது, "வளைகாப்புக்கு வர்றவங்களுக்குத் தாம்பூலப் பையில போட அப்பாவே சோப்பு செய்வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலமே என் மனைவி செண்பகவல்லி ஒரு மூட்டை எவர்சில்வர் கிண்ணம் வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"இது எதுக்கு?"

"நீங்க செய்யப்போற சோப்புக்குப் பதிலா."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நண்பர்கள் இருவரையும் கூப்பிட்டேன். குணசீலனுக்குப் பெரிய உடம்பு. தங்கமாரியப்பன் எந்தக் காகிதத்தைக் கண்டாலும் கடைசி எழுத்துவரை படிப்பவன். மூவரும் கெமிக்கல் கடைக்குப் போய்க் காஸ்டிக் சோடா கேட்டோம்.

கடைக்கார அம்மா அலமாரியைக் காட்டினார். "சாக்கடை அடைப்பு எடுக்கிற பொடியை எடுத்துராதீங்க, அதில கண்டதும் கலந்திருக்கும். டப்பாவில சோடியம் ஹைட்ராக்சைடுன்னு மட்டும்தான் இருக்கணும். வேற எதுவும் இருக்கக் கூடாது."

தங்கமாரியப்பன் ஒரு டப்பாவை எடுத்தான். "இதில விலையும் இருக்கே."

"இதில தேதி இருக்குடா" என்றான் குணசீலன்.

"இதில கம்பெனி விலாசம், மண்டை ஓட்டுப் படம் எல்லாம் இருக்கு. எப்படி எடுக்கிறது?"

மூவரில் விவரமானவன் நான் என்பதால் ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். சுரண்டுகிற வேகத்தில் சோடியமும் போய்விட்டது. அந்த அம்மா எழுத்தெல்லாம் போன டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இனிமே இதுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? எவனாவது உப்புன்னு நெனச்சுக் கொழம்பில போட்டா குடல் வெந்துடும்யா!"

அதைப் பிடுங்கி வைத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தார். கூடவே தன் கையாலேயே ஒரு காகிதத்தில் எழுதித் தந்தார். கையுறையும் கண்ணாடியும் போட வேண்டும். சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தண்ணீரைச் சோடாவில் ஊற்றினால் பொங்கி முகத்தில் அடிக்கும். அலுமினியம் பக்கத்தில் வரக் கூடாது. செய்யும்போதும் சரி, செய்த சோப்பு ஆறு வாரம் காயும்போதும் சரி, சன்னல் திறந்தே இருக்க வேண்டும்.

"எழுதியிருக்கிறபடியே செய்யுங்க" என்றார். அதை எங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது.

செண்பகவல்லி எங்களை வீட்டுக்குள் விடவில்லை. மொட்டை மாடிக்குப் போனோம். குணசீலன் அடுக்களையில் இருந்த அலுமினியக் குண்டான்களை எல்லாம் தெருவில் கொண்டுபோய் வைத்தான். தங்கமாரியப்பன் டிவி ஆண்டெனாவைக் கழற்றினான். கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு தண்ணீரையும் அளந்து வைத்தபிறகு, தங்கமாரியப்பன் காகிதத்தைப் பார்த்தான்.

"சன்னல் எங்கடா?"

"மொட்டை மாடியில ஏதுடா சன்னல்?"

"அப்ப எதைத் திறக்கிறது?"

நான் சொல்லிப் பார்த்தேன். "சுத்தி வெட்டவெளிதானே, யப்பா. காத்து நல்லா வருதே."

"காத்து வரணும்னா எழுதியிருக்கு? சன்னல் திறந்திருக்கணும்னு எழுதியிருக்கு."

"வேணும்னா சுவர் கட்டிச் சன்னல் வைப்போமா?" என்றான் குணசீலன்.

"சுவரைப் பத்தி ஒண்ணும் எழுதலை."

அதுவும் நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. இன்றுவரை அப்படித்தான் படுகிறது.

பழைய கதவு, சன்னல் விற்கிற கடையில் ஒரு தேக்குச் சன்னல் கிடைத்தது. இரட்டைக் கதவு. கம்பிகளை யாரோ உருவியிருந்தார்கள். தானாக நிற்பதற்கு அதற்குக் கால் வைக்க வேண்டியிருந்தது.

"எந்தச் சுவத்தில வைக்கப் போறீங்க?" என்று ஆசாரி கேட்டார்.

"சுவர் கிடையாது."

அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உளியை எடுத்தார். நான்கு நாள் எடுத்துக்கொண்டார்.

சன்னலை மாடியில் நிறுத்தித் திறந்து வைத்தோம். சோடாவில் மழை விழுந்தால் தண்ணீரை ஊற்றியதாகிவிடும் என்று குணசீலன் டப்பாவுக்குக் குடை பிடித்தான். சித்திரை வெயில். நான் எவர்சில்வர் வாளித் தண்ணீரில் சோடாவை ஒவ்வொரு கரண்டியாகப் போட்டேன். வாளி கொதித்தது. காற்றில் சன்னல் சாத்திக்கொண்ட போதெல்லாம் மூவரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். தங்கமாரியப்பன் போய்த் திறந்துவிட்டு வந்தபிறகே அடுத்த கரண்டி. கரைந்து ஆறியதும் தேங்காயெண்ணெயில் ஊற்றிக் கிண்டினோம்.

நம்ப மாட்டீர்கள், சோப்பு வந்துவிட்டது. வெள்ளையாக, சதுரமாக. நான் முடித்த முதல் காரியம். காலையும் மாலையும் போய்க் கையுறையோடு தொட்டுப் பார்த்தேன். இது நான் செய்ததுதானா, இல்லை என் பெயரில் வேறு யாராவது செய்துவிட்டார்களா என்று சந்தேகமாகவே இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். வளைகாப்பு அன்று ஐந்து வாரமும் ஐந்து நாளும்தான் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு நாளைக்குச் சன்னல் திறந்திருக்க வேண்டும். மண்டபமோ ஏசி. சுற்றிலும் திறக்க முடியாத கண்ணாடி.

சன்னலைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

மண்டபத்தின் நடுவில் அதை நிறுத்தினோம். சோப்பும் நாங்கள் மூவரும் உள்ளே, விருந்தாளிகள் வெளியே. இரண்டு பக்கமும் பத்துப் பத்து அடி காலி இடம். ஆனாலும் சம்பந்தி வீட்டார் முறையாகச் சன்னல் முன்னால் வரிசையில் வந்து, கையை நீட்டிச் சோப்பு வாங்கிக்கொண்டார்கள். "இன்னும் ரெண்டு நாளைக்கு உங்க வீட்டுச் சன்னலையும் சாத்திராதீங்க" என்று தங்கமாரியப்பன் ஒவ்வொருவரிடமும் சொன்னான். அவர்களும் தலையாட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து யாரோ பெரிய ஃபேனைப் போட்டுவிட, சன்னல் படீரென்று சாத்திக்கொண்டது. கொண்டி வெளிப்பக்கம் விழுந்தது. விதிப்படி நாங்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். வரிசை அமைதியாகக் காத்திருந்தது.

வளையல் சத்தம் கேட்டது. பிறகு சன்னலைத் தட்டும் சத்தம்.

"அப்பா, உள்ள இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"சோப்பு முடிஞ்சிருச்சா?"

"ஒண்ணு பாக்கியிருக்கு. உனக்குத்தான்."

"அதைக் கேக்கலைப்பா. செஞ்சு முடிச்சுட்டீங்களான்னு கேட்டேன்."

"முடிச்சுட்டேன்மா. கொண்டி உன் பக்கம் இருக்கு பாரு."

திறந்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு. கடைசிச் சோப்பை அவள் கையில் வைத்தேன். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை எங்களை எட்டிப் பார்த்துவிட்டு, "சாப்பிட வாங்க மாமா. கதவு எந்தப் பக்கம்?" என்றார்.

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கதவு வாங்கவில்லை.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றான் தங்கமாரியப்பன்.

வேறு வழியில்லாமல் அவன் முதலில் காலைத் தூக்கிச் சன்னல் வழியாக இறங்கினான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்து நான் இறங்கினேன். மாப்பிள்ளை கை கொடுத்தார். குணசீலனால் மட்டும் முடியவில்லை. தலை வந்தது, தோள் வந்தது, வயிறு இடித்தது. இழுத்துப் பார்த்தோம், தள்ளிப் பார்த்தோம், கடைசியில் உள்ளேயே விட்டுவிட்டோம்.

அவனுக்கு இலையும் சாப்பாடும் சன்னல் வழியாகப் போயிற்று. பாயசத்தைச் செண்பகவல்லி தன் மூட்டையிலிருந்து எடுத்த ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள்.