கொடி எழுத்து

"முடிஞ்சுதா டீச்சர்?" என்று கேட்டார் மாசிலாமணி.

ரெஜினா டீச்சர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாசிலாமணிக்குக் கணினியில் எழுத்துரு செய்யக் கற்றுக்கொடுப்பவர் அவர். மாசிலாமணியைவிடப் பத்து வயது இளையவர். அதனால் இவர் 'டீச்சர்' என்பார், அவர் 'சார்' என்பார்.

மாசிலாமணி செய்த எழுத்துக்குப் பெயர் 'கொடி'. ஒவ்வொரு வாலும் கீழே இறங்கி, பக்கத்து எழுத்துகளைத் தாண்டிப் போய்ச் சுருண்டது. மேலே இருக்கும் கொக்கிகள் ஒன்றுக்கொன்று குடை பிடித்தன.

"அழகா இருக்கு சார்."

"அப்போ வெளியிட்டுடலாமா?"

"இது எதுக்கு?"

"எல்லாத்துக்கும்தான்."

டீச்சர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் முடியலை."

போன மாதமும் இதே கேள்வி, இதே பதில். டீச்சர் வாயால் ஒரு சொல் வராமல் எழுத்தை வெளியே விட மாசிலாமணிக்கு மனசு வரவில்லை.

அந்த வாரத்தில் ஒரு விடிகாலை, பூவலிங்கம் இறந்துபோனார். டவுன் பஸ் டிரைவர். மாசிலாமணியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்.

"சாயந்தரம் நாலு மணிக்கு எடுக்கிறோம்ணே. போஸ்டர் வேலையை நீங்க பாத்துக்குங்க" என்றார் பூவலிங்கத்தின் மனைவி சொர்ணம். "டிப்போ ஆளுங்க எல்லாரும் வரணும். அவங்க வராம அவரு போகமாட்டாரு."

கூட்டாளிக்கு வேறு எதைச் செய்ய முடியும்? மாசிலாமணி கொடி எழுத்தில் போஸ்டர் போட்டார். 'பூ'வின் வாலைப் பெயர் முழுவதுக்கும் அடியில் ஓடவிட்டு, கடைசி 'ம்'மில் கொண்டுவந்து நிறுத்தினார். கறுப்புக் கட்டம் சுருள்களை நெருக்கியது. எடுத்துவிட்டார். பூவலிங்கம் சிரிக்கிற படமாகப் பார்த்து வைத்தார்.

ஒன்பது மணிக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் ஒட்டியாகிவிட்டது.

டீச்சர் மாலையோடு துக்க வீட்டுக்கு வந்தார். மாலையைப் போட்டார், கும்பிட்டார். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தார்.

"ஏறுங்க சார்."

"எங்க டீச்சர்?"

"ஏறுங்க."

பஸ் ஸ்டாண்டு சுவரை ஒட்டி வண்டி வேகமாகப் போனது.

"சுவத்துல என்ன போட்டிருக்கு?"

மாசிலாமணி கடகடவென்று சொன்னார். பெயர், ஊர், எடுக்கும் நேரம், எல்லாம்.

"கண்ணை மூடிக்கிட்டே சொல்றீங்க" என்றார் டீச்சர்.

ஸ்கூட்டர் கண்ணாடியில் பார்த்திருக்கிறார்.

வேகத்தடைக்கு முன்னால் வண்டியை ஓரம்கட்டினார். பின்னால் வந்த டவுன் பஸ்ஸும் தடைக்காக மெதுவானது. டிரைவர் தலையை வெளியே நீட்டிப் போஸ்டரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"யோவ் கண்டக்டரு! நம்ம பூவலிங்கம் அண்ணன் வீட்டுல விசேஷம் போலருக்கு. நமக்கு ஒரு வார்த்தை சொல்லலை பாரு, மனுசன்!"

"நாளைக்கு டிப்போவுக்கு வருவாருல்ல, வச்சுக்குவோம்" என்றார் கண்டக்டர்.

பஸ் போய்விட்டது.

மாசிலாமணி திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

டீச்சர் வண்டியைத் திருப்பினார். அச்சகத்து வாசலில் அவரை இறக்கிவிட்டார்.

"என்ன எழுத்து சார் போட?" என்று கேட்டார் அச்சகத்துக்காரர்.

"பஸ் ஓட்டுறவங்க கண்ணுல படுற எழுத்து."

"தடிச்ச எழுத்துதான். பாக்க நல்லா இருக்காதே சார்."

"போடுங்க."

கறுப்புக் கட்டம் திரும்பி வந்தது. மாசிலாமணியே பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். தன்னுடைய போஸ்டர் ஒவ்வொன்றின் மேலும் புதியதைத் தானே ஒட்டினார். கடைசிச் சுருளும் மறைகிற வரைக்கும் தேய்த்தார்.

மூன்றரை மணிக்குத் தெரு காக்கிச் சட்டையால் நிறைந்துவிட்டது. காலையில் பார்த்த டிரைவரும் வந்திருந்தார். பாதி டிரிப்பில் ஆள் மாற்றிவிட்டு ஓடிவந்தவர். அழுதழுது கண் சிவந்திருந்தது.

"போஸ்டர் பாத்தீங்களா?" என்றார் மாசிலாமணி.

"பாத்துட்டுத்தான வர்றேன்."

மாசிலாமணியால் அடக்க முடியவில்லை. "எழுத்து எப்படி இருந்துச்சு?"

டிரைவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எழுத்தா? அண்ணன் செத்துட்டாருன்னு இருந்துச்சுய்யா."

மறுநாள் பால் ஊற்றி முடித்து எல்லாரும் பூவலிங்கம் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒட்டாமல் மிஞ்சிய பழைய போஸ்டர்கள் கூடத்து மூலையில் சுருட்டிக் கிடந்தன. மாசிலாமணி அவற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

"எங்கண்ணே கொண்டுபோறீங்க?" என்றார் சொர்ணம்.

"அடுப்புக்கும்மா."

"ஒண்ணு கொடுத்துட்டுப் போங்க."

"இது… சரியா வரலைம்மா."

"கொடுங்கண்ணே."

சொர்ணம் போஸ்டரை மடியில் விரித்தார். படத்தைப் பார்த்தார். பிறகு, 'பூ'வின் மேல் விரலை வைத்தார். வால் இறங்கிய வழியே விரலும் இறங்கியது. பெயருக்கு அடியில் மெல்லப் போனது. வளைந்த இடத்தில் வளைந்தது. 'ம்'முக்கு வந்ததும் நின்றது. திரும்பப் 'பூ'வுக்குப் போனது.

அவருக்கு வைத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

ரெஜினா டீச்சர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, சொர்ணத்தின் விரலையே பார்த்தபடி நின்றார். மாசிலாமணி சத்தமில்லாமல் அவர் பக்கத்தில் போனார். கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை.

"முடிஞ்சுது சார்" என்றார் டீச்சர்.