வேட்டியில் தங்கியது

கிட்ட வந்து உட்காருங்க. அலைச் சத்தத்துல என் குரல் எடுபடாது.

செங்கமலம்னு ஒருத்தி. அவ புருசன் மீனுக்குப் போனவன் திரும்பலை. படகும் வரலை, உடம்பும் வரலை. மூணு வருசம்.

வெள்ளிக்கு வெள்ளி கடலுக்கு வருவா. குடத்து வாயில அவன் வேட்டியைக் கட்டி, செம்பால மொண்டு ஊத்தி வடிகட்டுவா. வீட்டுல விளக்குக்கு முன்னால வைப்பா. அவன் போன தண்ணியாச்சே.

தாழம்புதர் ஓரமா ஒரு சாமி இருந்தார். முப்பது வயசு இருக்கும். ஒரு நாள் குடத்தோட அவர் முன்னால போய் நின்னா.

"சாமி, என் மவன் வயசுதான் உமக்கு. ஆனாலும் கேக்கறேன்."

"கேளு தாயி."

"மூணு வருசமா இந்தத் தண்ணியைக் கும்பிடறேன். ஒரு அசைவு இல்லை. கனவுல கூட அந்த மனுசன் வரலை."

"புருசன் பேர் என்ன?"

"நல்லா கேட்டீரு! புருசன் பேரை வாயால சொல்லுவாங்களா? அவருக்கு ஆயுசு குறையும்."

சாமி சிரிக்கலை.

"சரி, எப்படித் தண்ணி எடுப்பே? காட்டு."

"இதுல என்ன இருக்கு காட்டறதுக்கு?"

முணுமுணுத்துக்கிட்டே இறங்கினா. குடம் நிறைஞ்சது. வேட்டியை அவுத்து, மணல்ல உதறக் கையை ஓங்கினா.

"என்னத்தை உதறப் போறே?"

"தூசி, தும்புதான். அதையுமா விளக்கு முன்னால வைக்கிறது?"

"இங்க கொடு."

டீ குடிக்கிற கிளாஸ்ல கடல்தண்ணி மொண்டு, வேட்டி நடுவை அதுல அலசினார். வெயிலுக்கு நேரா கிளாஸைத் தூக்கிப் பிடிச்சார்.

செங்கமலம் ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தா.

ஏதோ பூச்சிங்க, ஒவ்வொண்ணும் அரிசிக் குருணையில கால்வாசி இருக்காது. தண்ணி நிறத்துலயே உடம்பு. ஊசி குத்தின மாதிரி ஒரு கண்ணு. கிளாஸ் பூரா அதுதான். துள்ளுது, நிக்குது, மறுபடி துள்ளுது. ஒண்ணு வால் பக்கம் முட்டையைச் சுமந்துக்கிட்டுத் துள்ளுது.

"அம்மாடி! இத்தனை உசிரா?"

கிளாஸைத் தன் கையில வாங்கினா.

"இதையா நான் வாரா வாரம் உதறிட்டு, வெறுந்தண்ணியைக் கும்பிட்டேன்..."

இத்தனை நாளும் உதறின மணலைத் திரும்பிப் பார்த்தா. காய்ஞ்சு கிடந்தது. ரொம்ப நேரம் பார்த்தா.

அப்புறம் குடத்தைக் கவிழ்த்தா. கிளாஸைத் தளும்பாம ஏந்திக்கிட்டு இடுப்பளவு தண்ணிக்கு நடந்தா. குனிஞ்சு, மெதுவா சாய்ச்சா.

நிமிர்ந்தா. தாலி கட்டின நாள்லேர்ந்து உதட்டுல வராத பேரை, கரை பூரா கேக்கக் கூப்பிட்டா.

"நாகமுத்து!"