ஒரு படி நெல்லுக்கு ஓர் அம்மா

வெகு காலத்துக்கு முன்னாலே, யானைகள்கூடத் தெருவில் பேசிக்கொண்டு போன காலத்திலே, மருதவேலி என்று ஒரு நாடு. அங்கே சிவந்தி என்று ஒருத்தி. புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அவளுக்கென்று மிச்சமிருந்த உயிர் ஒன்றே ஒன்று, ஐந்து வயது மகள் மகிழி.

ஒருநாள் மினுக்கன் என்கிற மாயாவி வண்டி கட்டிக்கொண்டு அந்த ஊருக்கு வந்தான். வந்ததும் எதையும் விற்கவில்லை. "கண்ணுக்குக் குளிர்ச்சி, காசே வேண்டாம்" என்று எல்லாருக்கும் மை இட்டுவிட்டான். சும்மா கிடைத்தால் விடுவார்களா நம் ஜனங்கள்? முண்டியடித்துக்கொண்டு போய் நின்றார்கள்.

அது மந்திர மை. தண்ணீர் விட்டுக் கழுவினாலும் போகாது. அதை இட்ட கண்ணுக்கு வீட்டுச் சாமான் மங்கித் தெரியும், வண்டிச் சாமான் தகதகவென்று தெரியும்.

"பழசைக் கொடு, புதுசைக் கொள்! கூட ஒரு படி நெல் கொடு!" என்று கூவினான் மினுக்கன்.

சிவந்தி முதலில் பானையை மாற்றினாள். பிறகு பாயை மாற்றினாள். பிறகு விளக்கை மாற்றினாள். வீட்டுக்குள் வந்த மறுவாரமே புதுசும் மங்கியது. மறுபடி மாற்றினாள். அந்த நெல்லுக்காக ஊரான் வயலில் இடுப்பொடிய உழைத்தாள். "அம்மா, கதை சொல்லு" என்று மகிழி வந்தால், "போடி அந்தாண்டை, எனக்கு உடம்பே முடியலை" என்பாள். பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

ஒரு காலையில் மகிழி பாவாடை மடியில் நெல்லைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து வண்டிக்கு இழுத்துப் போனாள்.

"மாமா, எங்க அம்மா பழசாயிட்டா. சிரிக்கவே மாட்டேங்குறா. புதுசு ஒண்ணு குடுங்க."

"அடி கழுதை, என்ன பேச்சு இது!" என்று சிவந்தி சிரித்தாள்.

மினுக்கன் சிரிக்கவில்லை. நெல்லை அளந்து பார்த்தான். சரியாக இருந்தது. கையைச் சொடுக்கினான். கண் மூடித் திறப்பதற்குள் சிவந்தி ஒரு மலைக்குகையில் கிடந்தாள்.

பெற்ற மகளே வேண்டாமென்று சொல்லிவிட்டாளே! குமுறிக் குமுறி அழுதாள். அழ அழ மை கரைந்தது. சுற்றிலும் பார்த்தால் ஊர்ச் சாமான்கள். அவள் கொடுத்த பானை, பாய், விளக்கு எதுவும் மங்கவேயில்லை. மினுக்கன் அவற்றைத் துடைத்து மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி! எங்க பொருளையே எங்களுக்கு வித்தியா?"

"உன்னையும் அப்படித்தான்" என்றவன், மந்திரம் சொல்லி அவள் நாவைக் கட்டினான். பட்டுடுத்திப் பூச்சூட்டி ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். "இதோ, புது அம்மா!"

மகிழி கைகொட்டிக் குதித்தாள். நான்தானடி என்று சொல்லச் சிவந்திக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் இந்தப் புது அம்மாவும் மங்குவாள், பிள்ளை மறுபடி வண்டிக்கு இழுத்து வரும். இதற்கு முடிவே கிடையாதா?

குதித்த பிள்ளை சட்டென்று நின்றது.

"மாமா, பழைய அம்மா எங்கே?"

"கொடுத்தது கொடுத்ததுதான்."

"அவ சாப்பிட்டாளா?"

"கொடுத்தது கொடுத்ததுதான்."

"அவளுக்குக் கால் வலிக்குமே, யார் பிடிச்சு விடுவா?"

"கொடுத்தது கொடுத்ததுதான்!"

"நெல்லை நீங்களே வச்சுக்குங்க, எங்க அம்மாவைக் குடுங்க!" என்று மகிழி புழுதியில் விழுந்து கதறினாள். தண்ணீரில் கரையாத மை, அம்மாவுக்காக அழுத கண்ணீரில் கரைந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பட்டுச் சேலைக்குள்ளே நின்றது அவள் அம்மாவேதான்.

"அம்மா!"

அந்தக் குரல் கேட்டதும் நாக்கட்டு அறுந்தது. "இங்கேதான்டி இருக்கேன், என் ராசாத்தி!" என்று சிவந்தி வாரி எடுத்துக்கொண்டாள்.

பார்த்துக்கொண்டிருந்த ஊரே அழுதது. அழுத கண்ணுக்கெல்லாம் உண்மை தெரிந்தது. "ஐயையோ, இது எங்க குடம்!" "இது என் கல்யாணப் பாய்!" வாங்க ஆளில்லாவிட்டால் மாயாவிக்கு ஏது பலம்? மினுக்கன் சுருங்கிச் சுருங்கி ஒரு பிடி கரியாகிப் போனான்.

சிவந்தி காட்டிய குகையைத் திறந்து, மினுக்கன் சேர்த்துவைத்திருந்த நெல்லைப் பகிர்ந்துகொண்டார்கள். அதற்கப்புறம் மருதவேலியில் ஓட்டைக் குடத்தை யாரும் தூக்கிப் போடவில்லை, அடைத்துப் புழங்கினார்கள். விசேஷத்துக்கு வேண்டிய பெரிய அண்டா தெருவுக்கு ஒன்று என்று பொதுவில் வைத்தார்கள். ஒரு பொருள் வாங்கப் போகுமுன் பரணில் ஏறிப் பார்த்தார்கள்.

சிவந்தி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மகிழி அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேட்டாள்:

"என் மேல கோவமாம்மா?"

"உன் மேல என்னடி கோவம்? உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானே" என்றாள் சிவந்தி. பிள்ளை தூங்கிப்போன பிறகும் மடியை விட்டு இறக்கவில்லை.

கதை அவ்வளவுதான். எழுந்து போங்கள், உங்கள் வீட்டிலும் பிள்ளை காத்திருக்கும்.