நாச்சிமுத்து இந்தி படிக்கப் போனது

திருப்பூரில், பல்லடம் ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே வசுமதி டீச்சர் இந்தி சொல்லிக்கொடுக்கிறாள். வயது இருபத்தொன்பது. யார் சேர வந்தாலும் அவளிடம் ஒரு கேள்வி உண்டு: எதுக்கு இந்தி? பதில் வாங்காமல் முதல் எழுத்தைக்கூட எழுதிக் காட்டமாட்டாள். பேங்க் பரீட்சை என்பார்கள், துபாய் வேலை என்பார்கள். சீரியலை டப்பிங் இல்லாமல் பார்க்கணும் என்று ஒரு அம்மா சொன்னாள். அவளையும் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாச்சிமுத்து வந்தார். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், ஐம்பத்திரண்டு வயது. ஐந்தில் வளையாதது ஐம்பதிலா வளையப்போகிறது என்று ஊரில் யாரும் கேட்பதற்கு முன்னால், படி ஏறும்போது அவரே ஏழெட்டு முறை கேட்டுக்கொண்டார்.

இந்தி அவருக்கு அடியோடு தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. சலோ தெரியும், ஜல்தி தெரியும். எண்பது வடநாட்டு ஆட்களை அந்த இரண்டு சொல்லை வைத்தே நாலு வருஷம் விரட்டியிருக்கிறார். நம்ம சூப்பர்வைசருக்கு இந்தி தண்ணி பட்ட பாடு என்று முதலாளியே நாலு பேர் முன்னால் சொன்னபோது, இல்லை என்று சொல்ல மனுஷனுக்கு மனசு வரவில்லை.

"எதுக்குங்ணா இந்தி?" என்றாள் டீச்சர்.

"வேலை வாங்கணுமுங்க டீச்சர்."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து இந்தியில் பேச ஆரம்பித்தாள். நிதானமாகத்தான் பேசினாள். நடுவில் கையை நீட்டி எதையோ காட்டினாள். நாச்சிமுத்து பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். "அச்சா" என்றார். அவள் இன்னும் பேசினாள். "டீக் ஹை, டீக் ஹை" என்றார், சரி சரி என்கிற மாதிரி.

டீச்சர் நிறுத்தினாள். தமிழில் கேட்டாள்.

"நான் என்ன சொன்னேன்?"

"தெரியலீங்க."

"அப்புறம் எதுக்குத் தலையாட்டுனீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி. எழுந்து போயிருக்கலாம், செருப்பு வாசலில்தான் கிடந்தது. ஆனால் கால் வரவில்லை. குனிந்த தலை நிமிராமலே சொல்ல ஆரம்பித்தார்.

கம்பெனியில் சுக்ராம் என்று ஒரு பீகார்க்காரர். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். துணியை அமுக்கி விடுகிற உருளை மெஷினில் வேலை. போன மாசம் மூன்று நாள் தொடர்ந்து இவரிடம் வந்து, மெஷினின் சிவப்பு சுவிட்சைக் காட்டிக் காட்டி என்னவோ சொன்னார். இவருக்கு ஒரு சொல் புரியவில்லை. சுற்றி ஆட்கள் நின்றார்கள். தெரியாது என்று சொன்னால் மரியாதை என்னாவது? மூன்று நாளும் டீக் ஹை என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார்.

நாலாம் நாள் துணியோடு சேர்ந்து கை உருளைக்குள் போயிற்று. சுவிட்சை அமுக்கினார்கள், உருளை நிற்கவில்லை. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த ஒரு கூட்டாளி சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. சுவிட்ச் வேலை செய்யவில்லை என்பதைத்தான் அந்த மனுஷர் மூன்று நாளாகச் சொல்லியிருக்கிறார்.

முதலாளியிடம் இவர் என்ன சொன்னார் தெரியுமா? ஆளுடைய கவனக்குறைவு என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, மெஷினையும் மறுநாளே சரி பண்ணியாயிற்று. அன்றிலிருந்து இவருக்கு ஒரு வாய் நிம்மதியாக இறங்கவில்லை.

"இன்னிக்கு சாயங்காலம் ரயில் ஏறி ஊருக்குப் போறானுங்க, இனி வரமாட்டான். அதுக்குள்ள மன்னிச்சுக்கோன்னு அவன் பாஷையில சொல்லணும். அது ஒண்ணு சொல்லிக் குடுத்தாப் போதும் டீச்சர்."

டீச்சர் ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க முதலாளிக்குத் தமிழ் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"அப்ப அவருகிட்டப் பேச நான் வேண்டியதில்லை."

சோற்றில் மறைத்த பூசணிக்காயைத்தான் சொல்கிறாள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. டீச்சர் ஒரு தாளை எடுத்துத் தமிழ் எழுத்தில் ஒரு வரி எழுதி நீட்டினாள். சமஜ் நஹீ ஆயா, ஃபிர் சே போலியே. நாச்சிமுத்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"மன்னிச்சுக்கோன்னு அர்த்தமுங்களா?"

"இல்லீங்ணா. எனக்குப் புரியலை, மறுபடி சொல்லுங்கன்னு அர்த்தம்."

"அவன் எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் புரியாதுங்களே!"

"புரியாதுன்னு அவருக்குத் தெரியட்டும். உங்களுக்குப் புரிஞ்சிருச்சுன்னு நம்பித்தானுங்ணா, நாலாம் நாள் அந்த மெஷின்ல போய் நின்னாரு."